இரண்டு பேர் ஆடும் மிஷின்

வரதன் கடையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். நான் உட்கார்ந்தாலும் அத்தை உட்கார மாட்டார். மாப்பிள்ளைக்குச் சமமாக நாற்காலியில் உட்காருவது அவர் பிறந்த ஊர்ப்பக்கம் வழக்கமில்லை. அவரை நிற்கவைத்துவிட்டு உட்கார என்னாலும் முடியவில்லை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. தரையெல்லாம் திறந்துகிடந்த கம்ப்யூட்டர் கேபினட்டுகள், பட்டை வயர்கள், உடைந்த தெர்மோகோல். செருப்பை வெளியே விடவும் என்று கதவில் ஒரு அட்டை தொங்கியது. கம்ப்யூட்டர் இருக்கும் எந்த அறைக்குள்ளும் அப்போது யாரும் செருப்போடு போக மாட்டார்கள்.

“இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேரும் நின்னுகினே கீறீங்க? நா இன்னா கோர்ட்டா நடத்தறேன்?” என்றான் வரதன்.

அத்தை அவனைப் பார்த்துச் சொன்னார். “தம்பி, அவர உக்காரச் சொல்லுப்பா.”

நான் அவருக்குக் கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

“பக்கத்துலதான கீறாரு. நீயே சொல்லேம்மா.”

“நீ சொல்லு.”

வரதன் என்னைப் பார்த்தான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 1998, பிப்ரவரி மாதம். ஜெயா இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது.

அத்தை என்பது லூர்தம்மாள், என் மனைவி ஜெயகுமாரியின் அம்மா. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் ஃபேக்டரியில் தையல்காரர். மாமா அங்கே வேலை பார்க்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை அது. குவார்ட்டர்ஸும் அப்படியே தொடர்ந்தது. ஜெயா ஒரே பெண். கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை, மரியாதைதான். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், அவர் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டு, “காபி வேணுமான்னு கேளு” என்று ஜெயாவிடம் சொல்வார். என் காதில் விழும். ஆனாலும் ஜெயா என்னிடம் வந்து சொல்ல வேண்டும், நான் ஜெயாவிடம் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தபால் வேலையில் ஜெயாவுக்கு ஒரு குஷி. உள்ளதை உள்ளபடி கொண்டுபோக மாட்டாள். “இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்றாங்க. வேணாம்னா இந்த ஊட்டுப் பக்கமே வரக் கூடாதாம்” என்பாள். உள்ளே அத்தை தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். “அய்யோ, அப்பிடிச் சொல்லலன்னு சொல்லு” என்பார். அதற்கும் ஜெயாதான் வர வேண்டும்.

ஜெயா பி.எஸ்சி. முடித்துவிட்டு செங்குன்றம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வேலை விட்டு சைக்கிளில் வந்து அவளுக்காக வாசலில் காத்திருப்பேன். முதலாளி கிளம்பிப் போன ஒரு சாயங்காலம் அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். கனமான திரைச்சீலை போட்ட அறை. ஏ.சி. குளிரில் வெறுங்கால் சில்லிட்டது. கடைசி மிஷினில் கார் ரேஸ் போட்டாள். திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்து மேல்பாதியில் அவள் சாலை, கீழ்ப்பாதியில் என் சாலை. கீபோர்டு ஒன்றுதான். இடப்பக்கத்து எழுத்துகள் அவளுக்கு, வலப்பக்கத்து அம்புக்குறிகள் எனக்கு. வளைவு வந்தால் வண்டிக்கு முன்னால் அவள் திரும்புவாள். உடம்பு முழுவதையும் சாய்த்து என் தோளில் இடிப்பாள். அந்த இடியில் என் வண்டி புல்லுக்குள் போய்விடும். அதை அவள் ஜெயித்த கணக்கில் சேர்த்துக்கொள்வாள். தெருவுக்கு வந்த பிறகும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வளைவுகளில் சாய்ந்துகொண்டே வருவாள். “உழுந்துடுவோம் ஜெயா” என்றால் இன்னும் சாய்வாள்.

நாங்களும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்தக் காலத்தில் எல்லோரும் பிள்ளைகள் படிக்கத்தான் வாங்குவதாகச் சொன்னார்கள். ஜெயா மட்டும் யார் கேட்டாலும் கூச்சமில்லாமல், “ஆடறதுக்கு” என்பாள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் மாடி வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் ஒரு மூலையைக் காலியாக வைத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் போடக்கூட விட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெற்று மூலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எந்த பிராசசர், எவ்வளவு மெமரி, மானிட்டர் கலரா கறுப்பு வெள்ளையா என்று பேசுவோம். வாங்குவதைவிட அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வாரம் முடிவு செய்ததை மறு வாரம் கலைத்துவிடுவாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு சாதாரணம் இல்லை என்றார்கள். அவ்வளவுதான்.

குழந்தை இல்லாமல் பெண் இறந்துவிட்டால் அவள் கொண்டுவந்த சீரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முறை என்று என் அக்கா சொன்னாள். யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன். கட்டில், பீரோ, பாத்திரங்கள், நகைப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றி ஆவடிக்குக் கொண்டுபோனேன். அத்தை குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். டெம்போ டிரைவரைப் பார்த்து, “எறக்க வேணாம்னு சொல்லுப்பா” என்றார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அந்த டிரைவரிடமே, முறை அதுதான் என்று சொன்னேன். இறக்கினோம். பீரோ வாசலில் நுழையாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றது. அதன் கண்ணாடியில் எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் தெரிந்தன. சீர் திரும்பிப் போனால் உறவு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாமல் இல்லை. உறைக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜெயாவின் வருஷத் திருப்பலி முடிந்து கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். அங்கேயே நின்று அக்கா என் சித்தப்பாவிடம் பூந்தமல்லியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாள். டீச்சர், நல்ல குடும்பம், தம்பி பாஸ்கல் சரி என்றால் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பன் தட்டைப் பிடித்துக்கொண்டு அத்தை பின்னால் நின்றிருந்தார். தட்டை அக்காவிடம் நீட்டினார். அக்கா ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அத்தை கள்ளிக்குப்பம் வந்தார். மாடிக்கு வரவில்லை. கீழே வீட்டுக்காரர் கண்ணம்மாவிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். மேலே எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பேசிய குரல் அது. கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், பணம் இருக்கிறது, நல்ல ஆளாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். திருப்பிக் கொடுத்த நகைதான் அந்தப் பணம் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணம்மா மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நான் ஏற்கனவே கேட்டதை மறுபடி சொன்னார்.

வரதன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து சேர்த்துக் கொடுக்கிறவன். நாங்கள் உட்காரப் போவதில்லை என்று தெரிந்ததும் அவனும் எழுந்து நின்றுகொண்டான். எதற்கு மிஷின் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்.

“ஆடறதுக்கு.”

“ஆடறதுக்கா? படிக்கிறதுக்குன்னு சொல்லிகினு வந்துதான் எல்லாரும் ஆடறானுங்க. நேரா சொல்ட்ட மொத ஆளு நீதாம்மா.”

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சேர்த்துக்கொண்டால் வீட்டிலேயே ஜாப் டைப்பிங் எடுக்கலாம் என்று பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தான். அத்தை தலையை ஆட்டினார். சரி, கேம் மிஷின் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்றான். பென்டியம் டூ ஆசையே வேண்டாம், நம் பட்ஜெட்டுக்கு நூற்று அறுபத்தாறு எம்.எம்.எக்ஸ். போதும். அதைவிட மலிவாக வேறு கம்பெனி பிராசசர் உண்டு, அதைப் போட்டால் கணக்கெழுத நன்றாக இருக்கும், வண்டி ஓட்ட ஆகாது. யூ.பி.எஸ். வேண்டாம், கரண்ட் போனால் ஆட்டம் போகும், உயிரா போகப்போகிறது என்றான். சொன்னவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். என் முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது. கேபினட் எதுவாக இருந்தால் என்ன, மலிவாக ஒன்று. மிச்சமாவதை எல்லாம் மெமரியில் கொட்ட வேண்டும். முப்பத்திரண்டு எம்.பி. போட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். எல்லாம் இடித்துப் பிடித்துப் பட்ஜெட்டுக்குள் உட்கார்ந்தது. முப்பத்திரண்டு என்பது ஜெயாவும் கடைசியில் வந்து சேர்ந்த எண். அதற்குக் குறைந்து வாங்கினால் வாங்காமலே இருக்கலாம் என்பாள்.

அத்தை தாளைப் பார்க்கவில்லை. கேபினட்டுகளின் மேல் கிடந்த ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது ஒருத்தர் ஆடற மிஷினா, ரெண்டு பேர் ஆடறதா?”

“ரெண்டு பேரும் ஆடலாம்மா. ஒரே கீபோர்ட்ல கைய இடிச்சிகினு ஆடணும். இல்லாங்காட்டி ரெண்டு ஜாய்ஸ்டிக் வாங்கி, ரெண்டையும் சேக்க ஒரு ஒய் கேபிள் போடணும். இந்தப் பட்ஜெட்டு தாங்காது.”

“எதக் கொறைச்சா தாங்கும்?”

“மெமரியத்தான் கொறைக்கணும். பதினாறுதான் வரும். வண்டி திக்கித் திக்கிப் போவும்.”

“கொறைச்சிடு.”

முதல் முறையாக எனக்குச் சொல்ல ஏதோ இருந்தது. முப்பத்திரண்டு இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை, ஜாய்ஸ்டிக் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். வரதனிடம்தான் சொன்னேன். அப்படிச் சொல்கிறோம் என்பது பாதியில்தான் எனக்குத் தெரிந்தது.

“மெல்லப் போனா இன்னான்னு கேளு,” என்றார் அத்தை. “இதுல ஏறி எந்த ஊருக்குப் போவப் போறாங்க?”

வரதன் என் பக்கம் திரும்பினான். “கேக்கறாங்க அண்ணாத்தே. இதுல ஏறி வேலூருக்கா போப்போற, இன்னா அவசரம்னு கேக்கறாங்க. டீசல் கூட அவங்களே போடுவாங்களாம்.”

“டீசல்லாம் நான் சொல்லலன்னு சொல்லு” என்றார் அத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது எனக்குத் தெரியவில்லை. அத்தை என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டதில்தான் தெரிந்தது.

“ரெண்டாவது ஆளு யாரும்மா?” என்று கேட்டான் வரதன்.

அத்தை வாசலைப் பார்த்தபடியே, “வருவாங்க” என்றார்.

நான் தாளில் முப்பத்திரண்டை அடித்துப் பதினாறு என்று எழுதினேன். திரும்பும்போது பஸ் நிலையம் வரை ஒன்றாக நடந்தோம். அவர் நாலு எட்டு பின்னால் வந்தார். வருவாங்க என்றது யாரை என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவரேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வர நினைக்கிறார், அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஆவடி பஸ் வந்தது. ஏறி, பெண்கள் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை நின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று ராத்திரி பசித்தது.

வரதன் மிஷினைக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மானிட்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான். அத்தை பூசை முடிந்து நேராக வந்திருந்தார், இந்த முறை மாடிக்கே. கட்டில் பீரோ போன பிறகு அவர் அந்த வீட்டைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தார். கீழே கண்ணம்மாவிடமிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கி அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோர மூலையில் மேசையைப் போட்டு மிஷினை வைத்தோம். வரதன் பின்பக்கம் குனிந்து வயர்களைச் செருகும்வரை அத்தை டார்ச் பிடித்தார். தையல் மிஷினில் ஊசிக்கு நூல் கோக்கிற ஆள் வெளிச்சம் பிடிப்பது போல, சரியான இடத்தில், ஆடாமல் பிடித்தார்.

திரை வந்தது. குச்சியை மேலே இடது மூலைக்குத் தள்ளி பட்டனை அழுத்து, கீழே வலது மூலைக்குத் தள்ளி பட்டனை அழுத்து, நடுவில் விட்டு அழுத்து என்று மிஷின் கேட்டது. இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் செய்தோம். கார் ரேஸ் ஏறியது. குறுக்கே இரண்டாகப் பிரிந்த திரை. வரதன் ஒரு நாற்காலியிலும் நான் ஒன்றிலும் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினோம். அவன் சொன்ன மாதிரியே திக்கித் திக்கித்தான் போனது. சாலையோர மரங்கள் ஒவ்வொன்றாகத் தாவித் தாவி வந்தன. அத்தை பின்னால் நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் வரதன் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டான். ஏதாவது கோளாறென்றால் கடைக்கு வரச் சொன்னான். அவன் செருப்பு மாட்டும்போது அத்தையும் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். நிலைப்படியில் நின்று, தாழ்ந்த குரலில் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது.

“தம்பி, அவருக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ. வர்ற பொண்ண ஆட உடணும்னு சொல்லு. படிச்ச பொண்ணாம், சீக்கிரம் கத்துக்கும். மெமரி அப்பறமா போட்டுக்கலாம். எறக்குன சீருக்குப் பதிலா இது. நான் இனிமே இந்த ஊட்டுக்கு வர்றது அந்தப் பொண்ணுக்கு நல்லா இருக்காது. அதையும் சொல்லு.”

வரதன் கூடத்துக்குள் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

“இத நா சொல்ல மாட்டேன்மா,” என்றான். “இது கம்ப்யூட்டர் வெவகாரம் இல்ல.”

படியில் அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கீழே கண்ணம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். பிறகு தெருவில் ஆட்டோ கிளம்பியது. அத்தை நிலைப்படியிலேயே நின்றிருந்தார். அவர் நினைத்த ஆள் பூந்தமல்லிப் பெண் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மகளின் இடத்துக்கு வருகிறவளுக்குக் கையில் பிடிக்க ஒன்று வேண்டும் என்று மெமரியைக் குறைத்திருக்கிறார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, என் காதில் விழுந்தும்விட்டது. ஆனால் கொண்டுவந்து சேர்க்க ஆளில்லாததால் அது இன்னும் நிலைப்படியிலேயே நின்றது. ஆவடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினால் தடுக்க என்னிடம் ஒரு முறையும் இல்லை. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். பூந்தமல்லிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அது பாதிதான் உண்மை. நாளைக்கே யாராவது செய் என்றால் செய்துவிடக்கூடியவனாகத்தான் இருந்தேன்.

நான் அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அழுத்தினேன். எதற்கு அழுத்தினேன் என்று கேட்டால் தெரியாது. சிவப்பு விளக்கு மஞ்சளாகி, பச்சையானது. கீழ்ப்பாதியில் என் வண்டி நகர்ந்தது. மேல்பாதியில் மற்ற வண்டிகளெல்லாம் தாண்டிப் போய்விட்டன, ஒன்று மட்டும் கோட்டிலேயே நின்றது. ஸ்பீக்கரில் அதன் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“அத்தை,” என்றேன். “ஒங்க வண்டி நிக்குது.”

அவர் திரும்பி, யாரிடமாவது சொல்லத் தேடுகிறவரைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. கைப்பையை நிலைப்படியோரம் வைத்தார். வந்து, நாற்காலியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, அதன் நுனியில், பாதி முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எத அமுக்கணும்?”

ஒரு கணம் அது என்னிடம் கேட்டது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னேன். கட்டைவிரலால் அழுத்தினார். வண்டி ஒரு தாவு தாவி, நின்று, மறுபடி தாவியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். நேர் சாலை வந்தது. தன்னையறியாமல் வலது காலை முன்னால் நீட்டி, வெறும் சிமெண்டுத் தரையைப் பாதத்தால் அழுத்தத் தொடங்கினார், ஃபேக்டரியில் தையல் மிஷினின் மிதியை அழுத்துவதைப் போல. வேகம் கூடக்கூட இன்னும் அழுத்தினார். குதிகால் நரம்பு புடைத்தது. மரங்கள் தாவித் தாவி வந்தன. ஒரு வளைவு தெரிந்ததும் காலை மெல்லத் தூக்கிக்கொண்டார். கட்டைவிரல் மட்டும் பட்டனை விடவேயில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கி, பச்சைப் புல்லுக்குள், திக்கித் திக்கி, போய்க்கொண்டே இருந்தது.